தையல்காரரின் சுரங்கம்

சுரங்கத்துறை அதிகாரி இடுப்பில் துண்டோடு தையற்கடையின் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அவருடைய கால்சட்டை தையல்காரரின் மடியில் இருந்தது. பின்பக்கம் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்து, ஓரத்தில் துருக்கறை படிந்திருந்தது.

"எங்க சார் மாட்டிக்கிட்டீங்க?" என்றார் தையல்காரர்.

"ஊருக்கு வெளிய அந்தப் பழைய சுரங்கம் இருக்குல்ல, அங்கதான். சுத்திக் கம்பி வேலின்னு ஒண்ணு இருந்துச்சு. தாண்டும்போது பிடிச்சு இழுத்துடுச்சு."

தையல்காரரின் ஊசி நின்றது.

நிலத்தின் மேல்தோலை உரித்து ஓரமாகக் குவித்து, அடியில் இருந்த நிலக்கரியை வழித்து அள்ளிக்கொண்டு, தோண்டிய குழியை மூடாமல் ஒரு கம்பெனி ஓடிப்போயிருந்தது. குழி வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. பக்கத்தில் மண்மேடு முள்செடி முளைத்துக் கிடந்தது. ஊரில் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. போகாவிட்டாலும் அதைப் பற்றி எல்லாருக்கும் தெரியும், ஏனென்றால் தையல்காரர் காலர் அளவு எடுக்கும்போதெல்லாம் அதைப் பற்றிச் சொல்லுவார். கழுத்தில் நாடா சுற்றியிருக்கும்போது கேட்காமல் யாரும் ஓட முடியாது.

"எனக்கும் ஒரு சுரங்கம் இருக்குங்க. மாமனார் குடுத்தது."

அது கல்யாணத்தன்று நடந்த கொடை. லாரி வைத்துத் தொழில் செய்த மாமனார், புது மாப்பிள்ளையையும் பெண்ணையும் காரில் ஏற்றிக்கொண்டு வரும் வழியில் வண்டியை நிறுத்தி, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினார். "மாப்ள, அந்தா தெரியுது பாருங்க, அது உங்களுக்குத்தான்" என்றார். மாப்பிள்ளை அந்த நேரத்தில் பக்கத்தில் இருந்த பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அவர் தப்பு இல்லை. அவர் திரும்பியபோது ஒரே தூசி. தூசி அடங்கியதும் எதிரே ஒரு சுரங்கம் தெரிந்தது. அன்றிலிருந்து ஊரில் பாதிப் பேர் அவரைக் கேலியாகவும் மீதிப் பேர் பழக்கத்திலும் முதலாளி என்றே கூப்பிட்டார்கள்.

திரைக்குப் பின்னாலிருந்து அதிகாரி பேசிக்கொண்டே இருந்தார். "அந்த இடத்துக்குச் சொந்தக்காரர் யாருன்னுதான் தெரியல. நான் வேலைக்குச் சேர்ந்த நாள்லேருந்து தேடுறேன். கம்பெனி வாசல்ல போர்டு கூட இல்ல. ஒரே ஒரு தடவ அவரப் பாத்துட்டாப் போதும்."

ஒரு அரசாங்க அதிகாரி ஒருவரை இவ்வளவு ஆசையாகத் தேடுவதைத் தையல்காரர் அதுவரை கேட்டதில்லை. அரசாங்கம் நிலத்தை விலைக்குக் கேட்கப் போகிறது என்று அவர் மனதுக்குள் ஒரு நெடுஞ்சாலை ஓடியது. அதன் ஓரத்தில் ஒரு தொழிற்சாலை எழும்பியது. நுணலும் தன் வாயால் கெடும் என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

"வேற யாரும் இல்ல சார். நான்தான்."

திரை விலகியது. ஒரு கையால் துண்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பையைத் துழாவி, அதிகாரி ஒரு தாளை எடுத்தார். பல வருஷம் பையிலேயே கிடந்து மூலைகள் மழுங்கிய தாள்.

"இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றார். கண்ணில் நீர் தளும்பாத குறை.

போட்டார். அதன் பிறகுதான் படித்தார்.

மழைக்காலம் முடிவதற்குள் குழியை முழுதாக மூட வேண்டும். சமப்படுத்தி, மேலே நல்ல மண் பரப்பி, புல் வளர்க்க வேண்டும். தவறினால் வழக்கு, அத்துடன் உரிமையாளரின் தொழிலிடம் பூட்டிச் சீல் வைக்கப்படும்.

"தொழிலிடம்னா?"

அதிகாரி கடையைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். இரண்டு தையல் மெஷின், வெட்டும் மேஜை, தொங்கும் பள்ளிச் சீருடைகள். "இதுதான்" என்றார் வருத்தத்தோடு. பிறகு தைத்த கால்சட்டையைப் போட்டுக்கொண்டு, குனிந்து நிமிர்ந்து பார்த்து, "தையல் அருமையா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மனைவி அடுத்த மெஷினில் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"ஏங்க, எங்கப்பாவுக்கு ஒரு போன் போட்டு விவரம் கேட்டுடலாமே."

"உங்கப்பாகிட்ட மூச்சு விட்ட, அப்புறம் நான் மனுஷனா இருக்க மாட்டேன்."

மாமனாருக்கும் மாப்பிள்ளைக்கும் பேச்சுவார்த்தை இல்லை. போன வருஷம் மாப்பிள்ளை தைத்துக் கொடுத்த கோட்டில் மாமனாருக்குப் பொத்தான் எட்டவில்லை. தைத்தவன் மேல் தப்பு என்றார் மாமனார். தொப்பை மேல் தப்பு என்றார் மாப்பிள்ளை. கோட்டு இப்போதும் மாமனார் வீட்டு ஆணியில்தான் தொங்குகிறது.

"ஒரு சட்டைக்கு ரெண்டு தடவ அளவெடுக்கிறீங்க. இந்த நிலத்த ஒரு தடவையாவது அளந்து பாத்திருக்கீங்களா?"

"நிலம் என்ன தோள்பட்டையா, ஏறி எறங்கறதுக்கு? சும்மா இரு. ஊர்ல எத்தன பேரு வீடு இடிக்கிறான், கெணறு வெட்டுறான். மண்ண எங்க கொட்டறதுன்னு தெரியாம முழிக்கிறான். நம்ம குழில கொட்டச் சொன்னா தானா மூடிக்கும்."

யோசனை நல்ல யோசனைதான். மறுநாளே மச்சான் வந்தான். மனைவியின் தம்பி. வேலை தேடுவதையே வேலையாகச் செய்துகொண்டிருந்தவன். அவன் ஒரு பலகையில் 'மண் கொட்ட இடம் உண்டு, இலவசம்' என்று எழுதினான். கீழே 'உரிமையாளர்' என்று அதைவிடப் பெரிய எழுத்தில் எழுதும்படி தையல்காரர் சொன்னார்.

இலவசம் என்ற சொல் ஊரைச் சுற்றி வர அதிக நேரம் ஆகவில்லை. மண் என்ற சொல் வழியிலேயே எங்கோ விழுந்துவிட்டது. பஞ்சு பிதுங்கிய மெத்தைகள் வந்தன. கதவில்லாத பீரோ வந்தது. ஆள் இல்லாத நேரம் பார்த்து யாரோ சக்கரமில்லாத ஒரு பஸ்ஸையே உருட்டிவிட்டுப் போனார்கள். மண் மட்டும் ஒரு கூடை கூட வரவில்லை. மனைவி ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு, கால் ஆடாத ஒரு சோபாவைத் தள்ளுவண்டியில் வைத்துக் கடைக்குக் கொண்டுவந்தாள். அந்தச் சுரங்கத்தால் குடும்பத்துக்குக் கிடைத்த முதல் லாபம் அது.

அதிகாரி வந்து அந்தச் சோபாவில் உட்கார்ந்தார். "முன்னாடி அது மூடாத சுரங்கம். இப்போ மூடாத சுரங்கம் பிளஸ் அனுமதி இல்லாத குப்பைக் கெடங்கு" என்று சொல்லி இரண்டாவது தாளை நீட்டினார்.

"அத்தான், இதுக்குப் போய்க் கவலைப்படறீங்களே. ஒரு தீக்குச்சி போதும்" என்றான் மச்சான்.

தையல்காரர் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். வாயில் குண்டூசிகள் இருந்தன. அவற்றை எடுத்து வைப்பதற்குள் மச்சான் போய்விட்டான்.

மெத்தைகள் எரியவில்லை. புகைந்தன. அந்தப் புகை குழியிலிருந்து எழுந்து, நிதானமாக யோசித்து, ஊர்ப்பக்கம் திரும்பியது. கொடியில் காய்ந்த துணியெல்லாம் கறுத்தது. தையல்காரர் தைத்துக் கொடுத்த வெள்ளைச் சீருடைகளும் கறுத்தன. தாய்மார்கள் அவற்றைக் கையில் பிடித்துக்கொண்டு கடை வாசலில் வரிசையாக நின்றார்கள். தீயணைப்பு வண்டிகள் வந்தன. புகை முழுவதும் அடங்கும்வரை தண்ணீர் அடித்தார்கள். அவர்கள் குழாயைச் சுருட்டவும் மழை பிடித்துக்கொள்ளவும் சரியாக இருந்தது.

பல நாள் கழித்து மழை விட்டபோது அங்கே குழி இல்லை. ஒரு ஏரி இருந்தது. நடுவில் பஸ்ஸின் கூரை மட்டும் தீவுபோல எட்டிப் பார்த்தது. கூரை மேல் காட்டு வாத்துகள் கூடு கட்டியிருந்தன.

"பரவால்லையே, அழகாத்தான் இருக்கு" என்றாள் மனைவி. அவள் உண்மையாகவே சொன்னாள். அதுதான் தையல்காரருக்குத் தாங்கவில்லை.

இரண்டு நாளில் ஒரு அம்மாள் கடைக்கு வந்தார். பறவைகள் பாதுகாப்புத் துறை. கழுத்தில் பைனாகுலர் தொங்கியது. "அங்க அடைகாத்துக்கிட்டு இருக்கு. ஒரு பிடி மண்ணு உள்ள விழக் கூடாது. விழுந்தா உங்க மேலதான் கேஸ். நீங்கதானே ஓனர்? பலகைல பெருசா எழுதியிருக்கே" என்றார்.

அந்த நேரம் பார்த்துச் சுரங்கத்துறை அதிகாரியும் வந்தார். இரண்டு பேரும் சோபாவின் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்தார்கள்.

"மூடணும்" என்றார் அவர்.

"மூடக் கூடாது" என்றார் இவர்.

"மூடலன்னா கடைக்குச் சீல்."

"மூடினா ஆளே உள்ள."

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பதைத் தையல்காரர் பழமொழியாகத்தான் அறிந்திருந்தார். இப்போது அவருக்குத் தலை உண்மையாகவே வலித்தது. மெஷின் சக்கரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டார். அப்பாவின் கடையில் பட்டன் தைத்துப் பழகிய நாளிலிருந்து அந்த மெஷினின் சத்தம் நின்றதில்லை. அது பூட்டிய கடைக்குள் தூசி படிந்து நிற்பதை நினைத்தபோது அவருக்கு அழுகை வந்தது. மனைவி எழுந்து வந்து அவர் கையில் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுத்தாள்.

மச்சான்தான் அதற்கும் வழி சொன்னான். தீ வைத்த பாவத்துக்கு அவன் மூலையில் உட்கார்ந்து பொத்தான் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

"வாத்துக்கு வேற வீடு பாத்துக் குடுத்துட்டா?"

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். பறவை அம்மாள் யோசித்தார். "குஞ்சு பொரிச்சு நடக்க ஆரம்பிக்கட்டும். அதுவரைக்கும் அந்த பஸ்ஸச் சுத்தி மட்டும் மண்ணு போடாதீங்க. அதுக்கப்புறம் பக்கத்துலயே, இதே மாதிரி தண்ணி இருந்தா, அதுங்களே போயிடும்" என்றார்.

பக்கத்தில் இருந்தது மண்மேடு. அந்த மேட்டைத் தோண்டிக் குழியில் போட்டால் குழி மூடும். தோண்டிய இடத்தில் தண்ணீர் விட்டால் வாத்துக்குக் குளம். இவ்வளவு சுலபமான கணக்கு இத்தனை நாள் யாருக்கும் தோன்றவில்லையே என்று எல்லாரும் ஒருவரை ஒருவர் பாராட்டிக்கொண்டார்கள்.

"அந்த மேடு யாரோடதுங்க?" என்று கேட்டாள் மனைவி.

"மண்ணுக்கெல்லாம் யாரு சொந்தம் கொண்டாடுவா? கம்பெனிக்காரன் கொட்டிட்டுப் போனது" என்றார் தையல்காரர்.

"நானும் இப்போ கேக்க மாட்டேன்" என்றார் அதிகாரி. "எங்க ஆபீஸ்ல ஒரு குழியோட ஃபைல மூடினாத்தான் அடுத்த குழியோட ஃபைலத் தொறக்கலாம்."

மண் அள்ளும் இயந்திரத்தின் ஓட்டுநர் கூலிக்குப் பதில் சட்டை கேட்டார். நெஞ்சில் நாலு பாக்கெட், கையில் ரெண்டு பாக்கெட். அவருடைய உதவியாட்களுக்கும் அதே மாதிரி வேண்டும். தையல்காரரும் மனைவியும் பகலெல்லாம் பாக்கெட் தைத்தார்கள். அங்கே மேடு இறங்கியது, இங்கே குழி ஏறியது. ஆனால் பாதி மண்ணை ஏற்கெனவே மழை கரைத்துக்கொண்டு போயிருந்ததால், மேடு தீர்ந்த பிறகும் குழி தீரவில்லை.

"என்ன முதலாளி, நிறுத்திடவா?" என்று கேட்டார் ஓட்டுநர்.

"எதுக்கு நிறுத்தறீங்க? கீழ தோண்டுங்க. குளத்துக்கும் ஆழம் வேணும்ல."

கீழே தோண்டினார்கள். மேட்டுக்கு அடியில் அருமையான மண் இருந்தது. கையில் எடுத்தால் மிருதுவாக உதிர்ந்தது, ஒரு கல் கூட இல்லை. "இந்த நெலத்துக்காரன் எவனோ குடுத்து வச்சவன், விதை போட்டா பொன்னா விளையும்" என்று சொல்லிக்கொண்டே ஓட்டுநர் அதை முழுவதும் வழித்துக் குழியின் மேல் பரப்பினார். தையல்காரர் ஓரத்தில் நின்று, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கை காட்டினார். அடுத்தவன் மண்ணை அள்ளும்போது கைக்குக் கஞ்சத்தனம் வருவதில்லை.

வாத்துகள் இடம் மாறிய காலை ஊரே வேடிக்கை பார்க்க வந்தது. தாய் முன்னால் நடந்தது. குஞ்சுகள் பின்னால் வரிசையாக நடந்தன. ஒரு குஞ்சு மட்டும் நின்று, தையல்காரரின் செருப்பைக் கொத்திப் பார்த்துவிட்டு ஓடியது. பறவை அம்மாள் மூக்கை உறிஞ்சினார். எல்லாம் புதுக் குளத்தில் இறங்கியதும் பழைய குழியில் மிச்சமிருந்த இடத்தையும் பஸ்ஸோடு சேர்த்து மூடினார்கள்.

புல் பிடித்தது. வழுக்கைத் தலையில் முடி முளைத்த மாதிரி முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக, பிறகு ஒரேயடியாக. சுரங்கம் இருந்த இடமா இது என்று பார்த்தவர்களெல்லாம் கேட்டார்கள்.

மூடியதைச் சான்றளிக்கும் நாளில் தையல்காரர் தன் கடைக் கத்திரிக்கோலாலேயே ரிப்பன் வெட்டினார். தனக்கென்று தைத்துக்கொண்ட புதுக் கோட்டு போட்டிருந்தார். பொத்தான் எட்டியது. சோபாவைக் கொண்டுவந்து புல்லின் மேல் போட்டிருந்தார்கள்.

"ஃபைல மூடியாச்சு. கடைக்கு ஒரு ஆபத்தும் இல்ல" என்று அதிகாரி கையைக் குலுக்கினார்.

மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தையல்காரருக்குத் தரையில் கால் பாவவில்லை. இனி அவர் வெறும் குழிக்கு முதலாளி இல்லை. பச்சைப் பசேலென்ற சமதரைக்கு முதலாளி. இங்கே ஒரு வீடு கட்டலாம், முன்னறையில் பெரிய கண்ணாடியோடு ஒரு கடை, மாமனாருக்கு அளவெடுக்கத் தனியாக நீளமான ஒரு நாடா.

"சார், அளந்து நாலு மூலைக்கும் கல்லு நட்டுக் குடுத்துட்டா மாமனார் பேர்லேருந்து என் பேருக்கு மாத்திக்குவேன்."

"அதுக்குத்தான் சர்வேயர வரச் சொல்லியிருக்கேன். குழி இருக்கறப்போ அளக்க முடியாது. நாடா தொங்கும்" என்றார் அதிகாரி. பிறகு பையைத் திறந்து ஒரு புதுத் தாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மூலைகள் கூராக இருந்தன. பெயர் எழுதும் இடம் மட்டும் காலியாக இருந்தது.

"இது என்ன சார்?"

"அடுத்த ஃபைல். இந்த வாத்துக் குளம். அனுமதி இல்லாமத் தோண்டினதுதானே. நெலத்துக்காரன் மூடியாகணும்."

"மூட விட்டாத்தானே" என்றார் பறவை அம்மாள், பைனாகுலரை இறக்காமல். "ரெண்டாவது தடவ முட்ட போட்டிருக்கு."

"மூடலன்னா நான் விட மாட்டேன்."

"மூடினா நான் விட மாட்டேன்."

தையல்காரருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கோட்டின் பொத்தானைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எந்த ஏமாளி தலைல எழுதியிருக்கோ. ஆளு கெடைச்சா லேசுல விட்டுடாதீங்க சார்."

"எங்க விடறது? பேரு தெரிஞ்சாப் போதும், இப்பவே எழுதிடுவேன்" என்று அதிகாரி பேனாவின் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டார்.

சர்வேயர் வந்தார். அதிகம் பேசாத மனிதர். தோளில் நாடா, கையில் நாலு கல். "உங்க மாமனார் நெலம்தானே அளக்கணும்?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றார் தையல்காரர்.

சர்வேயர் சாலை ஓரத்திலிருந்து நாடாவைப் பிடித்துக்கொண்டு நடந்தார். புல்தரையின் இந்த முனையில் நிற்பார் என்று எல்லாரும் பார்த்தார்கள். நிற்கவில்லை. நடுவில் நிற்பாரோ என்று பார்த்தார்கள். அங்கும் நிற்கவில்லை. புல்லைத் தாண்டி நடந்துகொண்டே இருந்தார். தையல்காரர் பின்னாலேயே போனார். ஒரு தையல்காரருக்கு நாடா போகும் திசை புரியாமல் போனது அதுதான் முதல் தடவை.

குளக்கரையில் சர்வேயர் நின்றார். செருப்பைக் கழற்றினார். கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டினார். கல்லை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். வாத்துக் குஞ்சுகள் வழிவிட்டன.

"சர்வேயர் சார், அங்க எங்க போறீங்க? நெலம் இந்தப் பக்கம் இருக்கு" என்று தையல்காரர் கரையிலிருந்து கூப்பிட்டார்.

இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, கல்லை ஊன்ற இடம் தேடியபடி, சர்வேயர் திரும்பிப் பார்த்தார்.

"அது கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டிருந்த சர்க்கார் நெலம்ங்க, நீங்க மூடிக் குடுத்ததுக்கு ரொம்ப சந்தோஷம், உங்க மாமனார் உங்களுக்குக் குடுத்தது அந்த மேடு இருந்த இடம், இதோ வாத்து நீந்துதே, இதுதான்."